கத்தூரை விடுதலை செய்

வேலையில்லாமல் இருப்பது சுலபமான காரியம் என்று நினைப்பவர்கள் எங்கள் தலைநகர் ரபாத்துக்கு வந்து, நாடாளுமன்றத்துக்கு எதிரே ஒரு வாரம் நின்று பார்க்க வேண்டும். அங்கே வேலையில்லாமல் இருப்பதற்குக் காலையிலேயே ஆஜராக வேண்டும். தாமதமாக வந்தால் அரைநாள் போச்சு. காய்ச்சல் என்றால் மருத்துவரின் சான்று வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் என்றால் முன்கூட்டியே விடுப்பு எழுதிக் கொடுத்து, விடுப்புச் செயலாளரின் கையெழுத்து வாங்க வேண்டும். ஊதா மேல்சட்டை போடாமல் கோஷம் போட்டால் அது கோஷமாகச் சேர்த்தி இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் ஓய்வு. அன்றைக்கு நாடு முழுக்க எல்லா வீட்டிலும் குஸ்குஸ் விருந்து என்பதால் புரட்சியும் அதற்கு வழிவிட்டிருந்தது.

வேலையற்ற முதுகலைப் பட்டதாரிகள் ஒருங்கிணைப்புக் குழு, ஊதா அணி. இதுதான் சங்கத்தின் முழுப்பெயர். மற்ற நிறங்களை இவர்களுக்கு முன்னால் வேலையில்லாமல் போனவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அணிக்கு ஒரு தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், ஒழுங்குச் செயலாளர், விடுப்புச் செயலாளர், கோஷத் துணைக்குழு, பதாகைத் துணைக்குழு எல்லாம் உண்டு. அங்கிருந்த பதவிகளைப் பார்த்தால் நாட்டில் வேலைப் பஞ்சம் இருப்பதாகவே தோன்றாது.

கத்தூர் இந்த அணியில் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. தாஸா மலைப்பக்கத்துக்காரன். பழங்காலத்து வாய்க்கால்களில் யார் யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விட்டார்கள் என்பதைப் பற்றி முதுகலை படித்தவன். சொன்னதைச் செய்கிற சுபாவம், நல்ல உயரம், அதனால் பதாகையின் ஒரு முனை எப்போதும் இவன் கையில்தான். ஒருமுறை மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் கடையில் இரண்டு நாள் ஆலிவ் எடைபோட்டுக் கொடுத்தான். யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஒழுங்குக் குழு கூடி விசாரித்தது. குற்றச்சாட்டு: வேலை பார்த்தது.

"வேலை பார்க்குற ஆளுக்கு வேலை கேட்க என்ன உரிமை இருக்கு?" என்று தலைவர் டாக்டர் மிமூன் கேட்டார். "அப்புறம் உண்மையிலேயே சும்மா இருக்குறவங்க தியாகத்துக்கு என்ன மரியாதை?"

கத்தூர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். ஆனால் அவனுடைய போராட்ட நிலை கீழே போய்விட்டது. போராட்ட நிலை என்பதுதான் இங்கே எல்லாம். எப்போதாவது அரசாங்கத்துக்கு மனம் இளகி நாலு வேலை போட்டுக் கொடுத்தால், யாருக்கு என்று அமைச்சகம் கேட்காது. அந்தத் தலைவலியை அணியிடமே விட்டுவிடும். அணி சொல்கிற வரிசையில் முன்னால் நிற்பவனுக்கு வேலை, மற்றவர்களுக்குக் கோஷம்.

எதிர்ப்பக்கம் போலீஸ். இன்ஸ்பெக்டர் தாஹரும் அவருடைய ஆட்களும் அதே இடத்தில் அத்தனை வருடமாக நிற்கிறார்கள். யாருக்கு அல்சர், யார் வீட்டில் பிரசவம் என்பதெல்லாம் இருதரப்புக்கும் தெரியும். மேலிடத்தில் இருந்து தடியடி என்று செய்தி வந்தால் தாஹர் முதலில் கண்ணாடி போட்டவர்களைப் பார்த்து, "கண்ணாடிய கழட்டிக்கோங்கப்பா," என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். மதியத் தொழுகை முடிந்து சாப்பிடப் போகும்போது போலீஸ்காரர்கள் தங்கள் கேடயங்களைத் தூண் வரிசையில் சாய்த்து வைத்துவிட்டு, "பார்த்துக்கோங்க," என்று இவர்களிடம் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். இவர்களைவிட நம்பகமான காவல் அவர்களுக்குக் கிடைக்காது. இவர்கள் எங்கேயும் போக மாட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை டாக்டர் மிமூன் ஒலிபெருக்கியைத் தூக்கினார். பதினெட்டு வருடமாக வேலையில்லாமல் இருப்பவர். அதற்கான களைப்பு எதுவும் முகத்தில் தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காரை மாற்றுவார்.

"தோழர்களே, அமைச்சகம் இறங்கி வந்திருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் ஒரு தொகுதி நியமனம். இந்த முறை வரிசையில் முதலிடம், ஊதாச் சட்டையோடு காவலில் வைக்கப்பட்ட வீரர்களுக்கு என்று மத்தியக் குழு முடிவு செய்திருக்கிறது. இதில் உறவு, வேண்டியவர் என்ற பேச்சுக்கே இடமில்லை."

இடமில்லைதான். ஆனால் அணியில் ஊதாச் சட்டையோடு போலீஸ் நிலையத்தில் இருந்த வீரர் ஒரே ஒருவர். அவர் மிமூனின் மைத்துனர். ஆவணம் இல்லாத ஸ்கூட்டரில் போய் மாட்டிக்கொண்டு ஓர் இரவு உள்ளே உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் மேல்சட்டையைக் கழற்ற மறந்திருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

அன்று சாயங்காலம் மூன்று பேர் ஒரு பானைத் தேநீரை நடுவில் வைத்துக்கொண்டு காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். கத்தூர், அவனோடு ஐந்து வருடமாகக் கோஷம் போடுகிற சட்ட முதுகலை லர்பி, வேதியியல் முதுகலை ஷாமா. ஷாமாவும் கத்தூரும் நிச்சயம் செய்துகொண்டவர்கள். இருவரில் யாருக்கு முதலில் வேலை கிடைக்கிறதோ அந்த மாதமே கல்யாணம் என்று பேச்சு. அந்தப் பேச்சுக்கே நாலு வயதாகிவிட்டது.

"அப்பா போன் பண்ணாரு," என்றாள் ஷாமா. "பெருநாள் வரைக்கும்தான் பொறுப்பாராம். அதுக்குள்ள ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது வேலை வரணும். இல்லன்னா குனைத்ராவுலருந்து பொண்ணு பார்க்க வராங்க."

"யாரு?"

"டயர்கடைக்காரன். ரெண்டு கடை வச்சிருக்கானாம்."

"படிச்சவனா?" என்று கத்தூர் கேட்டான்.

"டயர் மேல போட்டிருக்குற நம்பர படிப்பான்." அவள் சிரிக்கவில்லை. "இந்தத் தடவ விளையாட்டு இல்ல கத்தூர். அப்பாவுக்கு வயசாகிடுச்சு, அம்மா அழறா. நான் எத்தனை நாள்தான் மேல்சட்டையத் தொவச்சுப் போட்டுட்டு வர்றது?"

கத்தூருக்கு ஷாமாவைத் தவிர வேறு எதிர்காலம் எதுவும் தெரியாது. வாய்க்கால் படிப்புக்கு யாரும் வேலை தரப்போவதில்லை என்பது அவனுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. காலையில் எழுந்து அந்தத் தெருவுக்கு வருவதே அவளைப் பார்க்கத்தான்.

லர்பி மேஜையைத் தட்டினான். "மைத்துனர் வழக்க எடுத்துக்கங்க. அவர் என்ன போராடியா உள்ள போனாரு? ஸ்கூட்டர். ஆக, காரணம் முக்கியமில்ல. சட்டையும் காவலும் இருந்தா போதும். இது முன்னுதாரணம். கோர்ட்ல நிக்கும்."

"எந்தக் கோர்ட்ல?"

"நம்ம கமிட்டியில நிக்கும்டா. நீ ஒரு சின்னத் திருட்டு பண்ணு. சட்டையோட மாட்டு. ஒரு ராத்திரி இரு. வரிசையில மொத ஆளு நீதான்."

முதலில் நேர்வழியில் முயன்று பார்த்தார்கள். மறுநாள் கத்தூர் தாஹரிடம் போய், தன்னைக் கைது செய்ய முடியுமா என்று மரியாதையாகக் கேட்டான்.

"முடியாதுப்பா," என்றார் தாஹர். "அடிக்கலாம், பிடிக்கக் கூடாதுன்னு உத்தரவு. அடிச்சா ஒரு நாள் செய்தி. பிடிச்சா ஒரு மாசம் செய்தி. வேணும்னா நாளைக்கு உன்ன ரெண்டு போடு சேர்த்துப் போடுறேன்."

அதற்கப்புறம்தான் ஆரஞ்சு. டிராம் நிறுத்தத்துப் பழவண்டியில் இருந்து கத்தூர் நாலைந்து பழங்களை அள்ளிக்கொண்டு, ஓடாமல் நின்றான். வண்டிக்காரர் அவனுடைய மேல்சட்டையைப் பார்த்தார். "ஊதாவா? நான் பழைய பச்சை அணி, இயற்பியல்," என்று சொல்லி, பையை எடுத்து மேலும் பழங்களைப் போட்டுக் கொடுத்தார். "தைரியமா இருங்க தம்பி. எனக்கும் ஒருநாள் இப்படித்தான் பசிச்சுது." திருடப் போன இடத்தில் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வந்தான்.

"போலீஸ்காரன் பொருளையே எடுத்தா பிடிச்சுத்தானே ஆகணும்?" என்று ஷாமாதான் சொன்னாள்.

அப்படித்தான் மறுநாள் மதியம், போலீஸ்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கத்தூர் தூணில் சாய்ந்திருந்த ஒரு கேடயத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான். மாட்ட வேண்டும் என்பதற்காகவே நடுத்தெருவில் மெதுவாக நடந்தான். யாரும் தடுக்கவில்லை. காப்பிக்கடையில் இருந்தவர்கள் நாற்காலியை இழுத்து வழிவிட்டார்கள். போக்குவரத்துக் காவலர் ஒருவர் வண்டிகளை நிறுத்தி அவனைக் கடக்க விட்டார். கையில் அரசாங்கத்துப் பொருள் இருப்பவனை எதுவும் கேட்கக் கூடாது என்பது எங்கள் ஜனங்களுக்குச் சின்ன வயதிலேயே பழகியிருந்தது. ஆற்றங்கரை வரை போய்த் திரும்பி வந்து, கால் வலித்து, கடைசியில் அவனே போலீஸ் நிலையத்துக்குள் நுழைந்து, "திருடிட்டேன்," என்று சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் தாஹர் மூச்சுவாங்க ஓடி வந்தார். கேடயத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. கத்தூரை உள் அறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"ஏன்டா, உன்ன நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்?"

"மன்னிச்சிடுங்க சார். என் மேல கேஸ் எழுதுங்க."

"என்னன்னு எழுதுறது? வேலையில்லாதவங்க கிட்ட கேடயத்தைப் பார்த்துக்கச் சொல்லிட்டு மீன் சாப்பிடப் போனேன்னா? இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு தப்பு பண்ணதில்ல. ஏன்னா ஒண்ணையும் எழுதினதில்ல." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அத விடு. உன்னையே நெனச்சுப் பாரு. திருட்டுன்னு ஒரு வரி ஏறிச்சுன்னா நன்னடத்தைச் சான்று கிடைக்காது. சான்று இல்லாம பள்ளிக்கூடத்துல மணியடிக்கக்கூட உன்ன எடுக்க மாட்டாங்க. இதுகூடத் தெரியாதா? கூட ஒரு சட்டம் படிச்சவன வேற வச்சிருக்கே."

கத்தூருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரிசையில் முதலிடம் வேண்டுமென்றால் போலீஸில் மாட்ட வேண்டும். வேலை வேண்டுமென்றால் போலீஸில் மாட்டியிருக்கவே கூடாது. இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்வது என்று அவன் கேட்டான். மைத்துனர் விஷயத்தில் எதையும் எழுதாமல் இருந்ததுபோல இருந்தால் முடியும், அதற்கு மிமூன் மாதிரி ஒரு மச்சான் வேண்டும் என்றார் தாஹர். அவனுக்கு ஒரு கிண்ணம் ஹரீரா சூப்பும் பேரீச்சையும் வாங்கிக் கொடுத்து, இருட்டுவதற்கு முன்னால் பின்வாசல் வழியாக அனுப்பிவைத்தார்.

ஆனால் அதற்குள் லர்பி தன் வேலையைச் செய்துவிட்டிருந்தான். கத்தூர் நிலையத்துக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய் அணியிடம் சொல்லியிருந்தான். கத்தூர் ஆற்றைத் தாண்டி ஸலாவில் இருந்த லர்பியின் மொட்டைமாடி அறைக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே டாக்டர் மிமூன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வர்ற வழியில யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல. சார், என்னை விட்டுட்டாங்க. ஒண்ணும் எழுதல."

"மெதுவாப் பேசுங்க," என்றார் மிமூன். "தோழர் கத்தூர், நீங்க வெளிய இருந்தா ஒரு வேலையில்லாத ஆள். உள்ள இருந்தா ஒரு பிரச்சினை. இந்த நாட்டுல ஆளுக்கு யாரும் வேலை குடுக்க மாட்டான். பிரச்சினைக்குத்தான் குடுப்பான். இன்னைக்கு மத்தியானத்துலருந்து அமைச்சகம் எனக்கு மூணு தடவ போன் பண்ணிடுச்சு. பதினெட்டு வருஷத்துல அவங்களா பண்ணது இதான் மொத தடவ. அதனால நீங்க கொஞ்ச நாள் உள்ளேயே இருங்க."

"எங்க உள்ள?"

"இங்கதான். இந்த மாடியில."

"ஷாமாகிட்ட மட்டும் சொல்லிடுறேன்."

"கூடாது." மிமூன் எழுந்து அவன் தோளில் கைவைத்தார். "அந்தப் பொண்ணு இன்னைக்கு அழுதத மூணு சானல்ல காட்டினாங்க. நான் எத்தனையோ பேரை அழ வச்சுப் பார்த்திருக்கேன். அப்படி ஒரு அழுகை அமைஞ்சதே இல்ல. சொல்லிட்டீங்கன்னா அது போயிடும். வரிசையில நீங்க மொதல்ல, கைதியோட நிச்சயிக்கப்பட்ட பொண்ணுன்னு அவங்க ரெண்டாவது. ஆளுக்கொரு வேலை. யோசிங்க."

கத்தூர் யோசித்தான். யோசித்துவிட்டுத் தலையாட்டினான். பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தும், அந்தத் தலையாட்டலை வேறு யார் மேலும் போட அவனால் முடியவில்லை.

அடுத்த நாளில் இருந்து ஊரெல்லாம் அவன் முகம். அக்கா கல்யாணத்தில் எடுத்த படத்தில் இருந்து அக்காவை வெட்டி எடுத்துவிட்டு அவனை மட்டும் சுவரொட்டி ஆக்கியிருந்தார்கள். தோளில் அவளுடைய விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன. கோஷத் துணைக்குழு 'கத்தூரை விடுதலை செய்' என்ற வரிக்கு மெட்டுப் போட்டது. ஒரு பேராசிரியர் அவனுடைய வாய்க்கால் ஆராய்ச்சியை அரசாங்கம் கண்டு நடுங்கிய காரணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அந்த ஆராய்ச்சியை அவர்தான் ஐந்து வருடத்துக்கு முன்னால் சுமாரானது என்று எழுதி அனுப்பியிருந்தார். தாஸாவில் இருந்த அம்மாவுக்கு மட்டும் லர்பி உண்மையைச் சொல்லியிருந்தான். பையன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கீழ்வீட்டில் சுடச்சுட முஸெம்மன் ரொட்டி போட்டார்கள். லர்பி தேன் தடவிக் கொண்டுவருவான். நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு தன்னுடைய விடுதலைக்கான போராட்டத்தைக் கைபேசியில் பார்ப்பதைத் தவிர கத்தூருக்கு வேலை இல்லை. அணி உண்ணாவிரதம் அறிவித்திருந்தது. அது முறை வைத்து நடந்தது. காலையில் ஒரு குழு பட்டினி கிடக்கும், மதியம் அவர்கள் சாப்பிடப் போக அடுத்த குழு வந்து உட்காரும். ஷாமா மட்டும் முறை மாற மறுத்துவிட்டாள்.

"அவ நெஜமாவே சாப்பிடலடா," என்றான் லர்பி ஒருநாள், வாசற்படியில் நின்றபடியே. "தண்ணியும் சக்கரையும்தான். நேத்து மயங்கி விழுந்தா. அவங்கப்பா வந்து கூப்பிட்டாரு, போக மாட்டேன்னுட்டா."

"சொல்லிடுடா. இப்பவே போய்ச் சொல்லிடு."

"மிமூன் கிட்ட கேட்டேன். சொன்னா சாப்பிட ஆரம்பிச்சிடும், அப்புறம் டிவிக்காரன் எதுக்கு வருவான்னு கேக்குறாரு. வியாழக்கிழமை நியமனத்துல கையெழுத்தாகுதாம். அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொன்னாரு."

கத்தூர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். பாதிப்படியில் நின்றான். டயர்கடைக்காரனை நினைத்தான், வியாழக்கிழமையை நினைத்தான். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் திரும்பி மேலேறி வந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

வியாழக்கிழமை கையெழுத்தானது. மைத்துனருக்கு அமைச்சகத்திலேயே இடம். ஷாமாவுக்குக் குனைத்ரா நீர்ப்பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை. கத்தூருக்கு இடம் ஒதுக்கப்பட்டது, விடுதலையான பிறகு வந்து சேரலாம். எல்லாம் மிமூன் சொன்னபடி நடந்திருக்கும். ஆனால் ஷாமா நியமன ஆணையை வாங்கிக்கொண்டு, அத்தனை கேமராவுக்கும் முன்னால் நின்று, தேய்ந்துபோன குரலில் சொன்னாள்: "கத்தூர் வெளிய வர்ற வரைக்கும் நான் வேலைல சேர மாட்டேன். எதையும் சாப்பிடவும் மாட்டேன்."

மிமூனுக்கே இது எதிர்பாராத அடி. அமைச்சகம் பதறிப்போய், நல்லெண்ண அடையாளமாகக் கைதி கத்தூரை மன்னித்து உடனே விடுதலை செய்ய உத்தரவு போட்டது.

சனிக்கிழமை தாஹர் ஒரு காவலரோடும் லர்பியோடும் மொட்டைமாடிக்கு ஏறி வந்தார். தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"உன்ன விடுதலை பண்ணச் சொல்லி உத்தரவு வந்திருக்குப்பா."

"நான் வெளியதானே சார் இருக்கேன்?"

"அதான் சிக்கலே. நாட்டுல இருக்குற எல்லாச் சிறையிலயும் உன்னத் தேடிட்டாங்க. கத்தூருன்னு நாலு பேர் இருந்தானுங்க, ஒருத்தனும் முதுகலை இல்ல. அமைச்சர் மன்னிப்புல கையெழுத்துப் போட்டாச்சு. மன்னிப்பு இருக்கு, மன்னிக்கக் குற்றவாளி இல்ல. அதனால உன்னக் கைது பண்ண வந்திருக்கேன். இன்னைக்குச் சாயங்காலமே விட்டுடுவோம்."

"எழுதுவீங்களா?"

"எழுதாம எப்படி? பழைய தேதி போட்டுத்தான்."

"அப்ப நன்னடத்தைச் சான்று?"

தாஹர் லர்பியைப் பார்த்தார். லர்பி தரையைப் பார்த்துக்கொண்டு, "மன்னிப்புன்னா தண்டனைதான் போகும். குத்தம் அப்படியே இருக்கும்," என்றான். சட்டம் படித்ததில் அவன் சரியாகச் சொன்ன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

"எழுத வேண்டாம்னு சொன்னா?" என்று கேட்டான் கத்தூர்.

"சொல்லலாம். அப்ப உள்ள ஆளே இல்லன்னு மேல எழுதணும். ஆளே இல்லன்னா பிரச்சினை இல்ல. பிரச்சினை இல்லன்னா குடுத்த வேலை எல்லாம் வாபஸ். அந்தப் பொண்ணோடதும் சேர்த்துத்தான்."

தன் வேலை போய்விட்டது என்பது கத்தூருக்குப் புரிந்தது. ஆனால் அவளுடையது இருக்கிறது. இருவரில் ஒருவருக்குக் கிடைத்தால் போதும் என்பதுதானே பேச்சு. சாயங்காலமே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், திட்டுவாள், திட்டட்டும். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

நிலையத்தில் தாஹர் தன் கைப்படவே எழுதினார். கேடயம் தூணில் சாய்ந்திருந்ததாக எழுத முடியாது என்பதால், குற்றவாளி அதைக் காவல் அதிகாரியின் கையில் இருந்து பலவந்தமாகப் பறித்ததாகவும், அதிகாரி உயிரைப் பொருட்படுத்தாமல் போராடியதாகவும் எழுதி, சங்கடத்தோடு பேனாவை நீட்டினார். கத்தூர் கையெழுத்துப் போட்டான்.

நிலையத்து வாசலில் இருந்து டிராம் பாதை வரை ஒரே ஊதா நிறம். அமைச்சகத்தில் இருந்து வந்தவர் முதலில் பேசினார். "இந்த அரசு யாரையும் காரணமில்லாமல் உள்ளே வைப்பதில்லை. இவரை வெளியே விடுவதே அதற்குச் சான்று. காரணமும் இப்போது முறைப்படி எழுதப்பட்டுவிட்டது." அடுத்து மிமூன் பேசினார். "தோழர் கத்தூர் அனுபவித்த சித்திரவதையை நான் அருகில் இருந்து பார்த்ததுபோல உணர்ந்தேன். ஒரு தொகுதி கிடைத்துவிட்டது என்று கலைந்துவிடாதீர்கள். எல்லாருக்கும் வேலை கிடைத்துவிட்டால் இந்த மாபெரும் அமைப்பின் கதி என்ன?"

கூட்டம் கைதட்டியது. நடுவில் வழிவிட, ஷாமா வந்தாள். கையில் ஒரு கிண்ணம் பாலும், தட்டில் பேரீச்சையும். எங்கள் பக்கத்தில் பயணம் போய் வந்தவருக்கும் அதைத்தான் கொடுப்பார்கள், மாப்பிள்ளை பெண்ணுக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். அவள் மணிக்கட்டு குச்சியாக இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் கண்ணில் நீர் கோத்தது.

"முகமெல்லாம் வீங்கியிருக்கே," என்றாள். "அடிச்சாங்களா?"

வீக்கம் முஸெம்மன் ரொட்டியால் வந்தது. "இல்ல," என்றான் கத்தூர்.

"பொய் சொல்லாத. எனக்குத் தெரியும்."

பக்கத்தில் நின்ற தாஹருக்கு மனது கேட்கவில்லை. அவருக்கும் வீட்டில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்து சொன்னார்: "அழாதம்மா. ஒரு அடி படல. அவன் உள்ளயே இல்ல, லர்பி வீட்டு மாடியிலதான் சௌகரியமா இருந்தான். இன்னைக்குத்தான் நான் போய்க் கூட்டிட்டு வந்தேன்."

ஷாமா அவரைப் பார்த்தாள். அப்புறம் கத்தூரைப் பார்த்தாள்.

"மாடியிலயா?"

"ஷாமா, நம்ம ரெண்டு பேருக்காகத்தான்..."

"நான் பட்டினி கிடந்தது உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவனால் இன்னொரு பொய்யைத் தாங்க முடியவில்லை.

"தெரியும்," என்றான்.

அவள் கிண்ணத்தையும் தட்டையும் தாஹர் கையில் கொடுத்தாள். தள்ளாடிக்கொண்டே திரும்பிக் கூட்டத்துக்குள் நடந்தாள். கத்தூர் அவள் பின்னால் போக ஓரடி எடுத்து வைத்தான். அதற்குள் பதாகைத் துணைக்குழுவினர் அவனைப் பிடித்துத் தோளில் தூக்கிவிட்டார்கள். கால் தரையில் இல்லை. மேலே இருந்து பார்க்க, அவள் ஊதாச் சட்டைகளை விலக்கிக்கொண்டு டிராம் நிறுத்தத்தை நோக்கிப் போவது தெளிவாகத் தெரிந்தது.

"இறக்குங்கடா," என்றான். யாருக்கும் கேட்கவில்லை. அவன் அடித்தொண்டையில் கத்தினான்.

"ஷாமா!"

அது பழக்கப்பட்ட கூட்டம். தோள்மேல் இருப்பவன் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்வது அவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. "ஷாமா!" என்று அத்தனை பேரும் முஷ்டியை உயர்த்தி முழங்கினார்கள். அவன் மறுபடி கூப்பிட்டான், அவர்களும் மறுபடி கூப்பிட்டார்கள். கோஷத் துணைக்குழு அதற்குள் கைதட்டலைச் சேர்த்துவிட்டது. டிராம் வந்து நின்றது. அவள் திரும்பவே இல்லை. அத்தனை குரலில் அவன் குரல் எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கதவு மூடிக்கொண்டது.

கத்தூர் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். அவன் தொண்டை போதவில்லை என்று நினைத்துக்கொண்ட மிமூன், கீழே இருந்து ஒலிபெருக்கியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.